குமிழைத் திருகினால் ரயில் ஓடுமா?

“கணிப்பொறியில் ரயில் ஓட்டுவது ஒரு வித்தையா, அண்ணா? குமிழைத் திருகினால் ஓடுகிறது. திருப்பி வைத்தால் நிற்கிறது!” என்று விடுதியில் அடுத்த அறைத் தம்பி என்னைக் கேலி செய்தான். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து ஆரன் நிறுவனத்தார் 2001-இல் வெளியிட்ட ‘டிரெய்ன்ஸ்’ என்னும் விளையாட்டைத்தான் அவன் சொன்னான்.

அதில் எஞ்சினை ஓட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திரையில் தெரியும் வட்டக் குமிழ். வலப்புறம் திருகினால் வண்டி முன்னே போகும். இடப்புறம் திருகினால் பின்னே வரும். இதற்கு டி.சி.சி. முறை என்று பெயர். பெயர் மேஜைமேல் ஓடும் மாதிரி ரயிலிடம் கடன் வாங்கியது.

முன்னாளில் மாதிரி ரயிலுக்குத் தண்டவாளத்தின் வழியே நேர் மின்சாரம் செலுத்துவார்கள். அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். ஆனால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டுமே கிளம்பிவிடும்! இத்தொல்லையைத் தீர்க்க வந்ததே டி.சி.சி. லென்ஸ் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் அமைப்பைத் தழுவி, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கத்தார் 1990களில் இதற்குத் தரம் வகுத்தனர். இதில் தண்டவாளத்தின் மின் அழுத்தத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை; திசை மட்டும் ஓயாமல் மாறும். ஒவ்வொரு திசையிலும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது ‘ஒன்று’; 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் ‘சுழி’. இப்படிக் கோத்த செய்தியில் எஞ்சினின் எண்ணும் அது ஓடவேண்டிய வேகமும் இருக்கும். எஞ்சினுக்குள் உள்ள சிறு மின்சுற்று, தன் எண் வந்தால் மட்டுமே செவிசாய்க்கும். விடுதி வாசலில் தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போலத்தான்.

ஆக, தம்பி திருகியது பொம்மையின் குமிழ். அந்த முறையில் கணிப்பொறி வண்டியின் எடையைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. யார்டில் பெட்டிகளைக் கோக்கவும் கழற்றவும் இதைப் போன்ற வசதி வேறில்லை, நானும் பயன்படுத்துகிறேன். அதற்காக ரயில் ஓட்டினேன் என்று மார்தட்டலாகாது!

இரண்டாவது வழி, ஓட்டுநர் அறை. அங்கே தம்பியை உட்கார வைத்தேன். சிவப்பு விளக்கைக் கண்டதும் பதறிப்போய் பிரேக் போட்டான். வண்டி விளக்கைத் தாண்டித்தான் நின்றது.

கணக்கைப் பாருங்கள். 1,000 டன் வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் இயக்க ஆற்றல் 20 கோடி ஜூல். விநாடிக்கு அரை மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், நிற்க 40 விநாடி ஆகும்; அதற்குள் 400 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கும் உடனே பிடிப்பதில்லை. வண்டி நெடுகச் செல்லும் குழாயில் காற்றழுத்தத்தைக் குறைத்தால்தான் பிரேக் பிடிக்கும். நம் நாட்டு வண்டிகளில் அக்குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தம் இருக்கும். அந்தக் குறைவு கடைசிப் பெட்டிவரை போய்ச் சேர நேரம் வேண்டாமா? (நடுவழியில் இணைப்பு அறுந்தால் காற்று வெளியேறி இரு பகுதிகளும் தாமே நிற்கும். என்ன அருமையான யோசனை!)

மூன்றாம் முறை தம்பி மஞ்சள் விளக்கிலேயே பிரேக்கைத் தொட்டான்.

பொங்கலுக்கு இருவரும் ஒரே வண்டியில் ஊருக்குப் புறப்பட்டோம். இரண்டு இரவுப் பயணம். ஏதோ ஒரு நிலையத்துக்கு முன்னால் சக்கரத்தின் ஓசை தளர்ந்தது. மேல் பெர்த்திலிருந்து தம்பியின் குரல் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.