சும்மா கிடக்கும் நிலமும் சித்தகத்தியும்

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, புதுக்கோட்டைப் பக்கத்தில் எங்களுக்கு மிச்சமிருக்கும் ஒன்றரை ஏக்கரைப் பார்த்து வந்தேன். சோளம் முழங்காலைத் தாண்டவில்லை. "வித்துடலாம்ண்ணே" என்கிறான் தம்பி. அதனால்தான் ஜாம்பியா நாட்டுக் கதை எனக்கு வெறும் படிப்பாகப் படவில்லை.

அந்நாட்டின் கிழக்கு மாகாணத்தில் மக்காச்சோளம்தான் சோறு. முன்பெல்லாம் மண் களைத்தால் பல ஆண்டுகள் காடாக விட்டுவிட்டு வேறிடம் போவார்கள். ஜனத்தொகை பெருகியதும் அதற்கு இடமில்லை. 1990-களின் தொடக்கத்தில் உர மானியமும் போயிற்று. நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட இக்ராஃப் நிறுவனம், ஜாம்பிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து சிப்பாட்டா அருகே ஒன்றைச் சோதித்தது. நிலத்தை வெறுமனே விடாமல், இரண்டாண்டு சித்தகத்தி நட்டு விட்டால் என்ன? ஆம், நம் சித்தகத்தியேதான். உரமிடாத நிலம் ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு டன் தந்த இடத்தில், சித்தகத்திக்குப் பின் 5 டன்னுக்கு மேல் விளைந்தது.

வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவது பள்ளிப் பாடம். நான் அறியாதது வேறு. மழையோடு ஆழத்துக்கு இறங்கிப்போன நைட்ரேட்டையும் அந்த வேர் மேலே இழுத்து இலையில் சேர்க்கிறது. இலை உதிர்ந்து மட்குகிறது. செடியை வெட்டிய பின் வேர் மண்ணுக்குள்ளேயே மக்கிவிட, அந்தத் துவாரங்களில் மழைநீர் இறங்குகிறது. தண்டு அடுப்புக்கு. பலன் இரண்டு மூன்று போகம் நிற்கும்.

ஆனால் பாஸ்பரஸைக் காற்றிலிருந்து எந்தச் செடியும் தராது. மண்ணில் இல்லையென்றால் கடையில் வாங்கித்தான் போடவேண்டும். சித்தகத்திக்கு நாற்றங்கால் வேலை உண்டு. இலையை வண்டும் தின்றது. எனவே பலர் நேரடியாக விதைக்கும் செடிகளுக்கு மாறினார்கள். துவரையை ஆடுமாடு விட்டுவைக்கவில்லை. அங்குள்ள கொழிஞ்சி இனத்தை அவை சீண்டுவதில்லை. தாத்தா மடக்கி உழுத கொழிஞ்சிக்கு அது பங்காளி!

அரை ஏக்கரை மட்டும் இரண்டு வருஷம் கொழிஞ்சிக்கு விடச் சொன்னேன். "அதுவரைக்கும் குத்தகைக்காரர் என்னத்தச் சாப்பிடுவாரு?" என்றான் தம்பி. நியாயந்தான். ஜாம்பியாவிலும் சிறு துண்டு நிலங்களில்தான் ஆரம்பித்தார்கள். அந்த இரண்டு வருஷத்துக்கு ஒன்றரை ஏக்கருக்கும் குத்தகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விதைக்குப் பணமும் அனுப்பியாயிற்று.