மாமியார் ஏறும் பரண்

எங்கள் வீட்டில் மான் வேட்டைக்குப் போகிறவர் என் மாமியார். வயது 68. முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். செப்டம்பர் பாதியில் வில் பருவம் திறந்துவிட்டால், சமையலறைப் பக்கம் அவரைப் பார்ப்பது அபூர்வம். அவர் கணவரும் மகன்களும் நவம்பர் கடைசியில் வரும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவத்தோடு சரி. வில் அவருடையது மட்டும். அவருடைய அப்பா கற்றுக்கொடுத்தது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தென்மேற்கே மிசிசிப்பி ஆற்றை ஒட்டி, பனியாறுகள் வந்து மட்டம் செய்யாமல் விட்டுப்போன குன்றுப் பகுதி இருக்கிறது. ட்ரிஃப்ட்லெஸ் வட்டாரம் என்பார்கள். குன்றின் தலையில் மக்காச்சோளமும் சோயாவும், சரிவில் ஓக் காடு, பள்ளத்தில் ஓடை. இங்கே வெர்னன் கவுண்டியில் என் கணவர் வீட்டாருக்குப் பண்ணை. கறவை மாடுகளை விற்றாயிற்று. பயிர் மட்டும்தான் இப்போது. நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி, மஞ்சள் காட்டில் வளர்ந்தவள். அதனால் இந்த வேட்டையை முதலில் ஒரு விவசாயியின் கண்ணால்தான் பார்த்தேன். இன்றும் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அம்பு விடுவது கடைசி ஓரிரு நொடி. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் வெள்ளாமையை அறிந்த வேலை.

போனில் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏஞ்சாமி, மானை அடிச்சா அங்க கேசு போடமாட்டாங்களா?" நியாயமான கேள்வி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, நம் ஊரில் மானைக் கொன்றால் சிறைதான். இங்கேயும் ஒரு காலத்தில் மான் கிட்டத்தட்டத் தீர்ந்துதான் போனது. 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் வெண்வால் மான்கள் சில லட்சமாகச் சுருங்கியிருந்தன. காரணம், சந்தைக்கு இறைச்சி விற்ற வேட்டை. பருவம், லைசென்ஸ், எண்ணிக்கை வரம்பு என்று சட்டங்கள் வந்தபிறகு பெருகி, இன்று மூன்று கோடி அளவில் இருக்கின்றன. விஸ்கான்சினில் மட்டும் 15 லட்சத்துக்கும் மேல்.

அடக்க ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். மலைச்சிங்கம் எப்போதோ ஒழிந்தது. ஓநாயை 1960-க்குள் இந்த மாநிலத்தில் முற்றாக அழித்துவிட்டார்கள். பிறகு மினசோட்டாவிலிருந்து தானாகத் திரும்பி வந்தவை பெரும்பாலும் வடக்குக் காடுகளில் இருக்கின்றன. வளர்ந்த பெண்மான் இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம். ஒரு மான் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ தழையும் தானியமும் தின்னும். சோயா முளைவிட்டு வரும் ஜூனில் வயலோரத்து வரிசைகள் மொட்டையாகிக் கிடப்பதைப் பார்த்தால், காட்டுப்பன்றி புகுந்த நிலக்கடலைக் காட்டைப் பார்க்கும்போது அப்பாவுக்கு எரியும் அதே வயிறு இங்கேயும் எரியும். ஓக் கன்றுகளையும் விடுவதில்லை. மேலே கிழட்டு மரம், கீழே ஒரு கன்றுகூட இல்லை என்ற காடுகள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ.

ஆனால் நிலம் நம்முடையது என்பதால் மான் நம்முடையதாகிவிடாது. காட்டு விலங்கு பொதுச்சொத்து. அரசு அதற்குக் காவல். சொந்த வயலில் சுடுவதற்கும் லைசென்ஸ் வேண்டும், கொன்றதை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். இறைச்சியை விற்கவே கூடாது. தின்னலாம், கொடுக்கலாம், அவ்வளவுதான். வில் விற்பனையில் 11 சதவீதம் மத்திய வரி போகிறது. 1937-இல் துப்பாக்கிகளுக்கென்று வந்த சட்டம் அது. பின்னால் வில்லையும் சேர்த்தார்கள். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குத் திரும்பி வருகிறது. மானைக் கொல்கிறவர்கள் கட்டும் காசில்தான் மான் பிழைக்கிறது என்று சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார்.

வில்லுக்கு மட்டும் தனிப் பருவம் என்ற ஏற்பாட்டை இந்த நாட்டில் முதலில் செய்தது விஸ்கான்சின்தான், 1934-இல். சாக், கொலம்பியா என்ற இரண்டு கவுண்டிகளில் மட்டும். அந்த சாக் கவுண்டியில்தான் மறு ஆண்டு ஆல்டோ லியோபோல்ட் பாழடைந்த பண்ணை ஒன்றை வாங்கினார். சூழலியல் படிக்கும் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. வனவிலங்கு மேலாண்மையைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியவர், ஓநாயைக் கொன்றால் மான் மலையைத் தின்றுவிடும் என்று எழுதியவர். தன் வில்லைத் தானே செதுக்கிய வேட்டைக்காரரும் அவர்தான். அவர் மனைவி எஸ்டெல்லா பெண்கள் வில்வித்தையில் மாநிலச் சாம்பியன். மாமியாரிடம் இந்தத் தகவலைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்தான் எனக்குச் சொன்னார், கொஞ்சம் பெருமையோடு.

இனி அவர் வேலையைப் பார்ப்போம். ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். கோடையில் மான் பச்சை சோயாவிலும் குதிரைமசாலிலும் மேயும். செப்டம்பரில் சோயா இலை மஞ்சளானதும் அந்த வயலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதே சமயம் சரிவில் வெள்ளை ஓக்கின் கொட்டைகள் விழத் தொடங்கும். சிவப்பு ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு அதிகம். வெள்ளை ஓக்குக்குத்தான் மான் ஓடி வரும். எந்த மரம் இந்த ஆண்டு காய்த்திருக்கிறது என்று மாமியார் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்து வைத்திருப்பார். மக்காச்சோளம் நிற்கும்வரை அது மானுக்கு ஒளியும் இடம். பகலெல்லாம் உள்ளேயே படுத்துக்கொள்ளும். அறுவடை இயந்திரம் ஓடி முடித்த அன்றே நிலைமை மாறும். ஒளிய இடமின்றி மான் காட்டுக்குள் போகும், சிந்திய மணிகளுக்காக இருட்டும் நேரத்தில் வெளியே வரும். அதனால் எந்த வயலை எப்போது அறுப்பது என்று மகன்கள் பேசும்போது மாமியாரும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் சொல் எடுபடுவதில்லை, அது வேறு விஷயம். மழை வருவதற்குள் சோளம் வீடு சேர வேண்டும்.

அக்டோபர் கடைசியில் இணைசேரும் பருவம். பகல் குறையக் குறைய மானின் உடம்பில் அந்த மாற்றம் வருகிறது. கிடாக்கள் இளமரங்களில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிக்கும். தாழ்ந்த கிளைக்கு அடியில் மண்ணைக் காலால் பறித்து, மூத்திரம் பெய்து, கிளையை முகத்தால் உரசி வாசனை வைக்கும். நவம்பர் முதல் இரு வாரங்களில் இரை, பயம் எல்லாவற்றையும் மறந்து பட்டப்பகலில் பெண்மானைத் துரத்தும். மற்ற மாதங்களில் கண்ணிலேயே படாத பெரிய கிடா, அப்போது அஞ்சல் பெட்டி வரைக்கும் வந்து நிற்கும்.

பரண் ஓக் மரத்தில், தரையிலிருந்து 15 அடி உயரத்தில். ஏணியில் காலை வைக்கும்போதே பாதுகாப்பு பெல்ட்டைக் கயிற்றில் மாட்டிவிட வேண்டும். வில் வேட்டையில் ஆளைக் கொல்வது அம்பு அல்ல, பரணிலிருந்து விழுவது. அந்த முழங்காலோடு அவர் ஏறுவதைப் பார்த்துக் கீழே நின்று எனக்குத்தான் வியர்க்கும்.

மேலே போனதும் அவர் முதலில் தேடுவது மானை அல்ல, காற்றை. மானின் மூக்குக்கு முன்னால் வில்லும் செல்லாது, மறைப்புத் துணியும் செல்லாது. மனித வாடை வந்தால் போதும், ஒரு சீறல், வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விடும். மாமியாரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காய் இருக்கும். மில்க்வீட், நம் எருக்கின் சொந்தக்காரச் செடி. உள்ளே எருக்கம்பஞ்சு மாதிரியே வெள்ளைப் பஞ்சு. ஒரு இழையைக் கிள்ளிக் காற்றில் விடுவார். அது மிதந்து போகும் வழியில்தான் அவர் வாடையும் போகும். குன்று நிலத்தில் இது நேர்க்கோட்டில் போவதில்லை. காலையில் வெயில் ஏற ஏறச் சரிவின் காற்று மேலே எழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு வடியும். ஆகவே காலையில் மான் தடத்துக்கு மேற்புறம், மாலையில் கீழ்ப்புறம். பஞ்சு தப்பான பக்கம் போனால், அத்தனை சிரமப்பட்டு ஏறியவர் பேசாமல் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவார். இதைவிடப் பெரிய கட்டுப்பாடு எனக்குத் தெரிந்து இந்த வேட்டையில் இல்லை.

வில் காம்பவுண்ட் வகை. மிசூரிக்காரர் ஹோலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்றது. இரு நுனியிலும் கப்பிகள் இருக்கும். மாமியாரின் வில்லை இழுக்க 40 பவுண்டு, அதாவது 18 கிலோ விசை வேண்டும். முழுக்க இழுத்தபின் கப்பி பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்வதால் விரலில் நிற்பது சுமார் எட்டுப் பவுண்டுதான். அதனால்தான் இந்த வயதிலும் இழுத்துப் பிடித்துக் காத்திருக்க முடிகிறது.

அப்படியிருந்தும் 20 கஜத்துக்கு அப்பால் அவர் விடுவதில்லை. கணக்கு எளிது. அம்பு நொடிக்கு 250 அடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 அடி தூரத்தைக் கடக்கக் கால் நொடி ஆகும். நாண் அதிரும் சத்தமோ அதற்கு முன்பே மானின் காதைத் தொட்டுவிடும். பாய்வதற்காக மான் முதலில் உடம்பைத் தாழ்த்தும். தூரம் கூடினால் அந்தத் தாழ்வுக்கும் நேரம் கூடும், அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது தப்பான இடத்தில் தைக்கும். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், முன்னங்கால் ஓரடி முன்னால் போயிருக்க வேண்டும், குறுக்கே ஒரு குச்சிகூட இருக்கக் கூடாது. இத்தனையும் கூடிவராத மாலைகள்தான் அதிகம்.

தைத்த பிறகுதான் உண்மையான சோதனை. உடனே இறங்கி ஓடக் கூடாது. அரை மணி நேரமாவது அசையாமல் இருந்துவிட்டு, அம்பை எடுத்துப் பார்ப்பார். இளஞ்சிவப்பாக, நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல். மான் நூறு மீட்டருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், சில மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையாக, சாணி வாடையோடு இருந்தால் குடல். அன்று யாரும் சரியாகத் தூங்குவதில்லை. இரவு முழுக்க விட்டுவிட்டு விடிந்துதான் தேட வேண்டும், துரத்தினால் எங்கோ போய் வீணாய்ச் சாகும். கிடைக்காமலே போகும் மான்களும் உண்டு. வில் வேட்டைக்காரர்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் குறைவாகவே பேசுகிறார்கள் என்பது என் குறை.

ஒருமுறை தடம் வேலியைத் தாண்டிப் பக்கத்துப் பண்ணைக்குள் போயிற்று. அனுமதியின்றி நுழைய முடியாது. பக்கத்துக்காரர் ஆமிஷ் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர், வீட்டில் போன் கிடையாது. மாமியாரும் நானும் டார்ச்சோடு நடந்து போய்க் கதவைத் தட்டினோம். அவர் லாந்தரை எடுத்துக்கொண்டு தானும் வந்து, இலைகளின் மேல் பொட்டுப் பொட்டாக இருந்த இரத்தத்தை எங்களைவிட வேகமாகக் கண்டுபிடித்துக்கொண்டே போனார். மான் ஓடையோரம் கிடந்தது. ஒரு தொடை அவர் வீட்டுக்குப் போனது.

அது பெண்மான். மாமியார் அடிப்பது பெரும்பாலும் பெண்மான்தான். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை. ஒரு கிடா போனால் இன்னொரு கிடா வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் இங்கே கொம்புப் பைத்தியம் பெரிது. கொம்பை அங்குலக் கணக்கில் அளந்து பதிவேட்டில் ஏற்ற 1961 முதல் போப் அண்ட் யங் கிளப் என்ற சங்கமே இருக்கிறது. சுவரெல்லாம் தலைகள் மாட்டிய வீடுகளில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. கறிக்காக அடிப்பதை என்னால் ஏற்க முடிகிறது, கொம்புக்காக அடிப்பதை முடியவில்லை.

கறி உடனே அடுப்புக்குப் போகாது. மான்களின் மூளையை அரிக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நோய் 2002-இல் விஸ்கான்சினிலும் கண்டுபிடிக்கப்பட்டது. உருவம் பிறழ்ந்த புரதத்தால் பரவுவது, மருந்தில்லை. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோய் கண்ட மானைத் தின்னாதீர்கள் என்கிறது சுகாதாரத் துறை. அதனால் தலையை அரசு வைத்திருக்கும் சேகரிப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, பொட்டலங்களில் தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்கி, முடிவு வரும்வரை காத்திருப்போம். நோய் இல்லை என்று வந்ததும் முதுகெலும்பை ஒட்டிய சதையை நான் வாங்கிக்கொள்வேன். கொழுப்பே இல்லாத கறி, அஜாக்கிரதையாக விட்டால் செருப்புத் தோல் ஆகிவிடும். நல்லெண்ணெய் தாராளமாக, சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு. பள்ளிபாளையம் கணக்கில் ஒரு வறுவல். மாமியார் கண்ணில் நீர் வழிய இரண்டாம் முறை கேட்டு வாங்குவார்.

இந்த மாநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் மான்கள் வேட்டையில் போகின்றன. அதுவும் போதவில்லை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை ஒவ்வோர் ஆண்டும் வண்டிகளில் மோதுகின்றன. இதைப் படிப்பவர்களில் பலருடைய பிள்ளைகள் விஸ்கான்சின், மிச்சிகன், ஒஹையோ, பென்சில்வேனியா பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். அக்டோபர், நவம்பரில் பொழுது சாயும்போதும் விடியும்போதும் வேகத்தைக் குறைக்கட்டும். மான் குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டாம், பிரேக்கை மட்டும் அழுத்தட்டும். ஒரு பெண்மான் சாலையைக் கடந்துவிட்டது என்று உடனே வேகமெடுக்கவும் வேண்டாம். பின்னாலேயே கிடா வரும், அந்த மாதங்களில் அது எந்த வண்டியையும் பார்க்காது.