நாயோடு வாடகை வீடு: யார் மறுக்கலாம், யார் மறுக்கக் கூடாது?

சென்னையில் வீடு தேடுகிறவரிடம் புரோக்கர் முதலில் கேட்பது சாப்பாட்டு வழக்கம். அடுத்தது, "நாய் கீய் ஏதாவது இருக்கா சார்?" இருக்கிறது என்றால் அடுத்த போன் வருவதில்லை. இந்த மறுப்பைச் சட்டப்படி கேட்க முடியுமா என்பது, மறுப்பது யார் என்பதைப் பொறுத்தது.

வீட்டு உரிமையாளர் மறுத்தால் செய்வதற்கு அதிகமில்லை. நாய் வளர்ப்பவருக்கு வீடு கொடுத்தே ஆகவேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது.

அடுக்ககச் சங்கத்துக்கு அந்த உரிமை இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எல்லோரும் கூடி வாக்கெடுத்தாலும், துணைவிதியைத் திருத்தினாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது. பெரிய நாய், குரைக்கிறது என்பதெல்லாம் தடைக்குக் காரணமாகாது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ, ஏற்றினால் தனிக் கட்டணம் என்றோ சொல்லவும் கூடாது. "வழிகாட்டுதல்தானே" என்று சில செயலாளர்கள் உதறுவார்கள். ஆனால் இப்படித் தடை விதிக்கும் துணைவிதிகள் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. இங்கே வாதத்தில் எடுத்துக்காட்டத் தடையில்லை.

உரிமையாளருக்கு நாய்மேல் வெறுப்பு இல்லாமலும் இருக்கலாம். அசோசியேஷன் சண்டைக்குத்தான் பயப்படுவார். "எனக்கு ஓகே, அவங்க விடமாட்டாங்க" என்று சொல்பவரிடம் வாரியத்தின் வழிகாட்டுதலை அச்செடுத்துக் கொடுங்கள்.

நாயை உறவினர் வீட்டில் விட்டுவிட்டுக் குடியேறி, பிறகு இரவோடிரவாக அழைத்து வருவது பலர் கையாளும் வழி. மோசமான வழி. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லும் காரணங்கள் இல்லாமல் யாரையும் காலி செய்யவைக்க முடியாது. ஆனால் வீட்டுக்குச் சேதம், பிறருக்குத் தொல்லை ஆகியவை அந்தக் காரணங்களுக்குள் வரும். "செல்லப்பிராணி கூடாது" என்ற வரியில் கையெழுத்திட்டுவிட்டு நாயைக் கொண்டுவந்தவரின் பக்கம் பலவீனமானது. வாய்வார்த்தைச் சம்மதமும், உரிமையாளரின் மகன் பொறுப்பேற்ற அன்றே காற்றில் போய்விடும்.

ஆகவே ஒப்பந்தத்தில் நாயின் இனம், வயது, சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதை எழுதிவிடுங்கள். நுழையும் அன்றே கதவு, சுவர், தரை எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காலி செய்யும்போது பழைய கீறலுக்கு அட்வான்ஸில் கை வைக்காமல் இருக்க அது உதவும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதே சட்டம். நாயைக் காட்டி 10 மாதம் கேட்டால் பேரம் பேச அது கைகொடுக்கும்.

குடியேறிய பின் நாயைக் காரணம் காட்டித் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். சங்கம் மிரட்டினால் வாய்ச்சண்டை வேண்டாம். தடையை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு ஆதாரம். நாய்க்கு விஷம் வைப்போம் என்று யாராவது மிரட்டினால் இதைச் சொல்லுங்கள்: விஷம் வைத்து விலங்கைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

வளர்ப்பவருக்கும் கடமை உண்டு. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, மாநகராட்சி உரிமம் இரண்டும் கையில் இருக்கட்டும். கழிவை அள்ளாதவருக்காக யாரும் வாதாட வரமாட்டார்கள். அலட்சியத்தால் நாய் யாரையாவது கடிக்க நேர்ந்தால் அதே சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வீடு கிடைக்கவில்லை என்று நாயைத் தெருவில் விட்டு, அது பசியால் வாட நேர்ந்தால் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கான அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு வேளை நாய்த்தீனிக்குக்கூடக் காணாது. அந்தத் தொகையைத் திருத்தாமல் வைத்திருப்பது வெட்கக்கேடு.

11 மாதம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது புரோக்கர் பழைய மாதிரிப் படிவத்தையே நீட்டுவார். நாயைப் பற்றிய பத்தி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.