கிண்டி வனத்து மான்களும் வளாகத்துக் குப்பையும்

சென்னை கிண்டியில் 1959ஆம் ஆண்டு, மேற்கு ஜெர்மனியின் உதவியோடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஸ்தாபிக்கப்பட்டபோது, அதற்கென ஒதுக்கப்பட்ட 600 ஏக்கருக்கும் மேற்பட்ட பூமி வெறும் பொட்டலாக இராமல், புள்ளிமானும் வெளிமானும் சஞ்சரித்த வனத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. வகுப்பறைகளும் விடுதிகளும் எழுந்த பின்னரும் அந்த மான்கள் அகன்று போகவில்லை. மாணவர் நடக்கும் பாதையோரத்திலேயே மேய்ந்து, அங்கேயே குட்டி ஈன்று, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அவற்றுள் சில இறந்து, பிரேத பரிசோதனை நடந்தபோது, வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் பைகள் கிலோக் கணக்கில் எடுக்கப்பட்டனவென்று பத்திரிகைகளில் செய்திகள் வந்தன. கல்வி நிலையங்களின் குப்பையைப் பற்றி எழுத வேண்டுமானால் அந்தச் செய்தியிலிருந்தே தொடங்குவது நியாயமென்று கருதுகிறேன்.

மான் அசைபோடும் பிராணி. மென்றதும் மெல்லாததுமாக விழுங்கிய இரையை வயிற்றின் முதல் அறையில் சேர்த்து வைத்து, பிறகு சாவகாசமாக வாய்க்குக் கொணர்ந்து அரைத்துத் தின்பது அதன் இயற்கை. அந்த அறைக்குள் சென்ற பை ஜீரணமாவதுமில்லை, எளிதில் வெளியேறுவதுமில்லை. ஒன்றோடொன்று சுருண்டு உருண்டையாகி இடத்தை அடைத்துக்கொள்ள, வயிறு நிரம்பியதாகவே உணரும் அந்த ஜீவன் மேய்வதைக் குறைத்து, நாளடைவில் பட்டினியால் மெலிந்து மாண்டு போகிறது. இதில் கவனிக்க வேண்டியது, வெறும் பையை மான் நாடி வருவதில்லை என்பதே. பையில் ஒட்டியிருக்கும் சோறும், குழம்பின் உப்பும், பழத்தோலின் வாசனையுமே அதை அழைக்கின்றன. சோறு தனியாகவும் பை தனியாகவும் போயிருந்தால், சோறு உரமாகியிருக்கும், பையும் ஒருவேளை மறுபடி பயன்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் அது விஷமாயிற்று.

மத்திய அரசு 2016இல் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குகிறவரே அதை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிக்க வேண்டுமென்றும், நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் ஸ்தாபனங்களைத் தனி வகையாகக் கொள்ள வேண்டுமென்றும் கூறின. ஆயிரக்கணக்கானோர் மூன்று வேளையும் உண்ணும் ஒரு சர்வகலாசாலை, அந்த 100 கிலோவைக் காலைச் சிற்றுண்டி முடிவதற்குள்ளாகவே தாண்டிவிடும்.

ஆகவே குப்பையைப் பிரிக்கத் தொடங்க வேண்டிய முதல் இடம் விடுதியின் மெஸ்தான். மீந்த சாதமும் காய்கறித் தோலும் ஈரமும் நைட்ரஜனும் மிகுந்தவை. தனியே குவித்தால் காற்றோட்டமின்றி அழுகி நாறும். மரங்கள் உதிர்க்கும் சருகோ கார்பன் மிகுந்தது. தனியே கிடந்தால் மாதக்கணக்கில் மக்காது. கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 30க்கு 1 என்ற விகிதத்தில் அமையுமாறு இவ்விரண்டையும் அடுக்கடுக்காகச் சேர்த்து, அவ்வப்போது புரட்டியும் கொடுத்தால், குவியலின் உட்புறம் 55 பாகைக்கு மேல் சூடேறி, நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழிந்து, சில மாதங்களில் மண் வாசனை வீசும் எரு கிடைக்கிறது. நம் வளாகங்கள் பலவற்றில் இவ்விரண்டுமே தாராளமாக இருக்கின்றன. ஆயினும் சருகை ஒரு மூலையில் கொளுத்திவிட்டு, சோற்றை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, தோட்டத்துக்கு எருவை விலை கொடுத்து வாங்குகிறோம். இதைக் காணும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது. மெஸ் கழிவு அதிகமாயிருந்தால் சாண எரிவாயுக் கலத்தைப் போன்றதொரு கலத்தில் செலுத்தி, மீத்தேன் எடுத்து, அதே சமையற்கட்டின் அடுப்பை எரிக்கலாம். ஆனால் எந்த முறையிலும், சோற்றோடு ஒரு ஷாம்பு பாக்கெட் வந்துவிட்டால் வேலை கெட்டது.

காகிதத்துக்கும் இதுவே கதி. நூலகத்திலும் அலுவலகத்திலும் சேரும் வெள்ளைத் தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் விரும்பி வாங்குவார். பஜ்ஜி எண்ணெய் ஊறிய தாளை அவர் தொடவும் மாட்டார், ஏனெனில் எண்ணெய் கலந்த கூழிலிருந்து நல்ல தாள் வராது. தேநீர் குடிக்கும் காகிதக் குவளையோ, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு கொண்டிருப்பதால், பெயரளவிலேயே காகிதம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களுள் அத்தகைய குவளையும் ஒன்று.

மற்ற இடங்களில் இல்லாத பொறுப்பொன்று சர்வகலாசாலைக்கு உண்டு. அது ரசாயன ஆய்வுக்கூடத்தினுடையது. அசிட்டோன், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களை ஒரு கலத்திலும், குளோரோஃபார்ம் போன்ற குளோரின் சேர்ந்தவற்றை வேறொரு கலத்திலும் சேர்க்க வேண்டும். ஏனெனில் அவற்றை அழிக்கும் முறைகள் வெவ்வேறு. நைட்ரிக் அமிலத்தின் மிச்சத்தை, ஆல்கஹால் இருந்த புட்டியில் ஊற்றி இறுக மூடிவிட்டால், உள்ளே வாயு பெருகிப் புட்டியே வெடித்துவிடக் கூடும். உடைந்த பீக்கரையும் சாதாரண சோடாப் புட்டிகளோடு போடலாகாது. அது போரோசிலிகேட் கண்ணாடி. அதிக உஷ்ணத்தில்தான் இளகும். புட்டி வார்க்கும் உலையில் அதன் துண்டுகள் சரியாகக் கரையாமல் நின்று, வார்ப்பைப் பழுதாக்கிவிடும். இந்த விவரங்களை முதல் வருஷத்து மாணவனுக்கு, சோதனை செய்யும் விதத்தோடு சேர்த்தே போதிக்க வேண்டும். சோதனையின் முடிவு குறிப்பேட்டில் எழுதுவதோடு நின்றுவிடுவதில்லையல்லவா?

பழைய கணினிகளையும் மின்கலங்களையும் குழல் விளக்குகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழல் விளக்கில் பாதரசம் இருக்கிறது. உடையாமல் சேகரித்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே வழி.

இவையெல்லாம் நடைபெறாத இடத்தில், பிரிக்கும் வேலை இறுதியில் துப்புரவுப் பணியாளரின் கைக்கே வந்து சேர்கிறது. காலையில் அந்த அம்மாள் கூடையைக் கவிழ்க்கும்போது, எச்சிற் சோற்றுக்கு நடுவே சவரப் பிளேடு இருக்கிறதா, உடைந்த பீக்கர் இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. ஆதலால் கூடைகளை வாங்கி வரிசையாக நிறுத்துமுன், எந்தக் கூடை எந்த இடத்தில் இருந்தால் வசதி என்று அவரையே கேட்பது உத்தமம்; எந்தத் தாழ்வாரத்தில் எது சேருகிறதென்பதை அவரைவிட நன்கறிந்தவர் வளாகத்தில் எவருமில்லை. தடித்த கையுறையும் காலணியும் நிர்வாகத்தின் செலவில் அவருக்குக் கிடைக்க வேண்டும். தாளும் தகரமும் புட்டியும் விற்று வரும் பணம் ஸ்தாபனத்தின் பொதுக் கணக்கில் கரைந்து போகாமல், அவற்றைச் சேகரித்த பணியாளர்களுக்கே மாதந்தோறும் பங்கிடப்படுமாறு ஓர் ஏற்பாடு செய்வது, எந்த நிர்வாகத்துக்கும் கடினமான காரியமன்று.