சீம்பால் யாருக்கு?

காலையில் பால்காரர் வழக்கமான பாலை அளந்து ஊற்றிவிட்டு, இன்னொரு சின்னச் செம்பையும் நீட்டுகிறார். "நேத்து ராத்திரி மாடு கன்னு போட்டுதுங்கம்மா. சீம்பாலுங்க!"

மதுக்கரை வீடானால் என்ன, கோயமுத்தூர் நகரத்து வீடானால் என்ன, உடனே ஒரே குதூகலந்தான். வெல்லம் தட்டி, ஏலக்காய் பொடித்து, ஆவியில் வேக வைத்தால்... நாக்கில் ஜலம் ஊறுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள். அடுப்பை மூட்டுமுன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "கன்று வயிறாரக் குடித்ததா?"

கன்றின் உயிரே இந்தக் கேள்வியில் இருக்கிறது.

நம் குழந்தைகள் கருவில் இருக்கும்போதே, நோயை எதிர்க்கும் சக்தியில் ஒரு பங்கைத் தாயின் ரத்தத்திலிருந்து வாங்கிக்கொண்டு பிறக்கின்றன. பசுவின் நஞ்சுக்கொடியோ அந்தச் சக்தியைக் கன்றுக்குக் கடத்துவதில்லை. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது. தாய் தரும் சீதனம் முழுவதும் சீம்பாலில்தான்!

அந்தச் சீதனத்தை வாங்க ஒரு முகூர்த்தமும் உண்டு. பிறந்த சில மணி நேரம் கன்றின் குடல் அந்தச் சக்தியை அப்படியே ரத்தத்தில் சேர்த்துக்கொள்ளும். நேரம் ஆக ஆக அந்த வாசல் ஒடுங்கி, ஒரு நாளில் அடைபட்டுவிடும். பிறகு குடம் குடமாகக் கொடுத்தாலும் ரத்தத்தில் சேராது. 1922-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். சீம்பால் கிடைக்காத கன்றுகளில் பெரும்பாலானவை மாண்டுபோயின.

வளர்க்கும் முறையிலும் விஷயம் இருக்கிறது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் பிறக்கும் கன்று தாயின் மடியைத் தானே தேடிக்கொள்கிறது. தாயும் நக்கிக்கொடுக்கிறாள். தாய் பக்கத்தில் இருந்தால், குடித்த சீம்பாலின் சக்தி கன்றின் உடம்பில் நன்றாகச் சேருகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். ஆனால் எவ்வளவு குடித்தது என்று யாருக்குத் தெரியும்? நோஞ்சான் கன்றானால் எழுந்து மடியை எட்டுவதே பாடு.

பெரிய பண்ணைகளில் கன்றை உடனே பிரித்து, பாட்டிலிலோ வாளியிலோ புகட்டுகிறார்கள். அளவு பிசகாது. ஆனால் புகட்டுகிறவர் அயர்ந்து தூங்கிவிட்டால் முகூர்த்தம் தவறிவிடும். பல கன்றுகளை ஒரே கொட்டிலில் அடைத்தால் கழிச்சல் நோயும் சுலபமாகப் பரவும்.

எந்த முறையானாலும் கணக்கு ஒன்றே. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் நாளிலேயே உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். முதல் வேளை, பிறந்த இரண்டு மணிக்குள்.

"நஞ்சு விழட்டும், அப்புறம் கன்றை விடலாம்" என்று காத்திருப்பது பல கிராமங்களில் வழக்கம். நஞ்சு விழப் பத்துப் பன்னிரண்டு மணி நேரங்கூட ஆகலாம். அதற்குள் கன்றின் பொன்னான நேரம் போய்விடும். ஊரில் மாடு வைத்திருக்கும் உறவினர் இருந்தால், இதை அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

அப்படியானால் நமக்குச் சீம்பாலே கிடையாதா? கவலை வேண்டாம். கறவை நன்றாக உள்ள பசு, கன்றுக்குப் போக மிச்சமும் வைக்கும். "கன்னு குடிச்சு மீந்ததுங்கம்மா" என்று பால்காரர் சொன்னால், தாராளமாக வெல்லத்தைத் தட்டுங்கள். அன்றைய சீம்பாலுக்கு ருசியே தனி!