குல்மார்க் பனிச்சறுக்கு: அந்த 15 நிமிடங்களில் காப்பாற்றப் போவது யார்?

2023 பிப்ரவரி 1. காஷ்மீரின் குல்மார்க்கில் உள்ள அஃபர்வாட் மலையில் பனிச்சரிவு. பனிச்சறுக்கு விளையாடிக்கொண்டிருந்த போலந்து நாட்டினர் இருவர் உயிரிழந்தனர், பலர் மீட்கப்பட்டனர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 22-ல் அதே குல்மார்க்கில் ரஷ்யர் ஒருவர் பலி. இத்தனை ஆபத்து இருந்தும் ஏன் போகிறார்கள்?

கேபிள் காருக்கு அப்பால்…

குல்மார்க் கொண்டோலா கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம் வரை கொண்டுபோய் விடும். கேபிள் காருக்குக் கீழே இருக்கும் பகுதியை 'ஸ்கீ பேட்ரோல்' குழு கண்காணிக்கிறது. அதைத் தாண்டினால் 'பேக்கன்ட்ரி'. யாரும் தொடாத புதுப்பனி, கிண்ணம் போலக் குழிந்த செங்குத்தான சரிவுகள். ஈர்ப்பே அதுதான். ஆனால், அங்கே பாதுகாப்பு அவரவர் பொறுப்பு.

கிண்ணத்தில் என்ன சிக்கல்?

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நடக்கின்றன. சறுக்குவதற்கு ஜாலியான சாய்வும் அதேதான்! காற்று அடித்துவரும் பனி, கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே பலகை போலக் கெட்டியாகப் படியும். அதற்கு அடியில் சர்க்கரை மாதிரி உதிரிப்பனி இருந்தால், ஒரே ஒருவரின் எடை போதும். மொத்தப் பலகையும் உடைந்து கிளம்பிவிடும். உயிர்ப்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை, சிக்கியவரோ உடன் வந்தவரோ கிளப்பிவிட்டவைதான். சரிந்த பனி முழுக்கக் கிண்ணத்தின் அடியில் குவிவதால், புதையும் ஆழமும் அதிகம்.

'முன்னாடி நாலு பேர் போயிருக்காங்களே' என்ற தைரியமும் செல்லாது. ஐந்தாவது நபரின் கால், பனி மெல்லிசாக இருக்கும் இடத்தில் படலாம்.

ஏன் 15 நிமிடம்?

புதைந்தவரை முதல் 10-15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க வாய்ப்பு மிக அதிகம். அதன்பின் மூச்சுத்திணறலால் அது மளமளவெனச் சரியும். கீழிருந்து மீட்புக் குழு வந்து சேர்வதற்குள் அந்த நேரம் கடந்துவிடும். அதனால், பக்கத்தில் இருக்கும் நண்பர்தான் மீட்புக் குழு!

அவர் கையில் மூன்று பொருட்கள் இருக்க வேண்டும். புதைந்தவரின் கருவி அனுப்பும் சிக்னலைப் பிடிக்கும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்தி ஆழம் பார்க்கும் நீளமான கம்பி, தோண்டுவதற்கு ஒரு மண்வாரி. வாங்கிப் பையில் வைத்தால் மட்டும் போதாது. பதற்றத்திலும் கை தானாக இயங்கும் அளவுக்குப் பயிற்சி வேண்டும்.

கிளம்பும் முன்…

அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது, கனத்த பனிப்பொழிவுக்குப் பிறகு ஓரிரு நாள் காத்திருப்பது, உள்ளூர் வழிகாட்டியுடன் போவது, சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் இறங்குவது... இவை அடிப்படை விதிகள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 'நான் புதைந்தால், கூட வந்தவருக்கு என்னைத் தோண்டி எடுக்கத் தெரியுமா?' பதில் 'தெரியாது' என்றால், கொண்டோலாவிலேயே கீழே இறங்கிவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.