குளிர்காலக் காலையில் எரியும் எச்சரிக்கை விளக்குகள்

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் வாகன நிறுத்தத்தில் தமிழும் மலையாளமும் தாராளமாகக் காதில் விழும். வஞ்சிரம், முருங்கைக்காய், கறிவேப்பிலை என்று ஊரிலிருந்து வந்தவர்கள் தேடும் யாவும் அங்கே கிடைக்கின்றன. ஒரு ஜனவரி மாதக் காலையில் நானும் பைகளைப் பின்னிருக்கையில் வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ‘டிக் டிக்’ என்ற ஓசைதான் எழுந்தது. முகப்புப் பலகையில் என்ஜின், ஏ.பி.எஸ்., ஏர்பேக், ஸ்டீயரிங், பேட்டரி என ஐந்து விளக்குகள் ஒருசேர எரிந்தன.

தொலைபேசியில் விவரம் கேட்ட ஒரு பணிமனை, சென்சார்களையும் ஸ்டீயரிங் கட்டுப்பாட்டுக் கருவியையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றது. சொல்லப்பட்ட தொகை என் வாகனக் கடனின் நான்கு மாதத் தவணைக்குச் சமம். பிறரின் கடன் விண்ணப்பங்களை நிதானமாக ஆராய்ந்து பழகிய எனக்கு, என் சொந்த வண்டி நின்றபோது அந்த நிதானம் வரவில்லை, ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அருகிலிருந்த ஒரு முதிய ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தார். நிற்கும் நிலையில் 12.1 வோல்ட். சாவியைத் திருப்பியதும் அது 8-க்கும் கீழே இறங்கியது. “பேட்டரி போய்விட்டது, வேறொன்றுமில்லை” என்றார். புதிய பேட்டரி பொருத்திச் சிறிது தூரம் ஓட்டியதும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

காரணம் எளியது. பேட்டரிக்குள் நிகழும் வேதிவினை குளிரில் மந்தமடைகிறது. 0 டிகிரியில் அதன் திறன் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். என்ஜின் ஆயிலும் கெட்டிப்படுவதால் ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் கேட்கிறது. மின்னழுத்தம் சரிந்ததும், வண்டியிலுள்ள சிறு கணினிகள் ஒவ்வொன்றும் தன் பகுதியில் பழுது எனப் பதிவுசெய்கின்றன. குற்றவாளி ஒருவனே, புகார்கள் ஐந்து.

ஐ.என்.ஏ.வுக்கு அண்மையிலுள்ள சப்தர்ஜங் வானிலை மையத்தில் 2021 ஜனவரி 1 அன்று 1.1 டிகிரி பதிவானது. ஆனால் பேட்டரியைப் பெரிதும் சிதைப்பது தில்லியின் கோடைதான். 45 டிகிரி வெயில் அதன் தகடுகளை அரித்துவிடுகிறது. அந்தச் சேதம் வெளிப்படுவது ஜனவரியில். மூடுபனிக்காக முகப்பு விளக்கையும் ஹீட்டரையும் பின்கண்ணாடிச் சூடேற்றியையும் போட்டுக்கொண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால், செலவழித்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் ஈடுசெய்ய நேரம் போதாது. எனக்கு நேர்ந்தது அதுவே.

முழுவதும் சார்ஜ் ஆன பேட்டரி, வண்டி நிற்கையில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். என்ஜின் ஓடுகையில் பொதுவாக 13.5 முதல் 14.5 வரை. மூன்றாண்டு கடந்த பேட்டரியை நவம்பரிலேயே சோதித்துவிடுவது நலம். ஓடும்போது சிவப்புப் பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். ஆயில் அழுத்தம், என்ஜின் வெப்பம் ஆகியவற்றின் சிவப்பு விளக்குகளுக்கு உடனே நிறுத்தியாக வேண்டும். மஞ்சள் விளக்கு சற்று அவகாசம் தரும். டயர் விளக்கு குளிரில் எரிவது இயல்பே: வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறைகிறது.

தில்லியிலிருந்து லடாக் வரை வண்டியோட்ட விரும்புவோருக்கு நிலைமை இன்னும் கடுமை. சார்ஜ் இறங்கிய பேட்டரி அங்கே உறைந்தே போகலாம்; உறைந்ததை ஜம்ப் ஸ்டார்ட் செய்வது ஆபத்து. சாதாரண டீசலும் கட்டிப்படும். அதனால்தான் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது.

வாடிக்கையாளர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது, இதற்குக் காப்பீடு கிடைக்குமா என்பது. வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திர, மின் பழுதுகளும் விலக்கப்பட்டவை. சாலையோர உதவி என்னும் கூடுதல் பிரிவைச் சேர்த்திருந்தால், ஜம்ப் ஸ்டார்ட்டுக்கும் வண்டியை இழுத்துச் செல்லவும் பெரும்பாலும் ஆள் வருவார். பேட்டரிக்குத் தனி உத்தரவாதம் உண்டு. ரசீதும் வாரண்டி அட்டையும் தேவைப்படும். என்னுடைய பழைய பேட்டரிக்கு இன்னும் ஐந்து மாத உத்தரவாதம் மீதமிருந்தது. அட்டையைத்தான் எங்கே வைத்தேனென்று தெரியவில்லை.

அன்று வீடு திரும்பப் பிற்பகல் இரண்டு மணியாயிற்று. அந்தக் குளிரில் மீன் கெடவில்லை.